அப்போபிஸ் 2029: புத்தாண்டு இரவில் மலைநாட்டிலிருந்து தூரம் அளக்கலாமா?

மூடுபனி (நுவரெலியா)

2029 ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை. அன்றிரவு அமாவாசை, விடிந்தால் சௌமிய வருடப் பிறப்பு. அப்போபிஸ் சிறுகோள் பூமியை உரசுகிற மாதிரிப் போவதும் அதே இரவில். மிக நெருங்கும் நேரம் உலக நேரப்படி 21:46, நம்ம நேரத்துக்கு 14ஆம் திகதி அதிகாலை 3:16. தூரம் பூமியின் மையத்திலிருந்து சுமார் 38,000 கிலோமீட்டர், தரையிலிருந்து 32,000க்குச் சற்றுக் குறைவு.

"வருடம் பிறக்கும்போது மலையில் விழும்" என்று வட்ஸ்அப்பில் சுற்றுகிற கதைக்கு இங்கே இடம் வேண்டாம். கேட்க வந்தது வேறு. இந்த மலைகளிலிருந்து அது தெரியுமா, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம்? வெறுங்கண்ணால் பார்த்துவிட்டுப் படுப்பதோடு முடிக்காமல், பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்து உருப்படியாக ஏதாவது அளக்க முடியுமா?

ஊவாக்காற்று (ஹப்புத்தளை)

முதல் கேள்விக்குப் பதில்: தெரியும். ஆனால் 3:16க்கு எழும்பி வெளியே வருபவர் ஒன்றும் பார்க்கமாட்டார். அந்த நேரத்தில் அது அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு மேலே நிற்கும், நமக்கு மேற்கு அடிவானத்துக்குக் கீழே போயிருக்கும்.

பாதை இப்படி. நமக்கு இருட்டுகிற நேரத்தில் அது அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரைக்கு நேர் மேலே. பிறகு இந்து சமுத்திரத்தைக் கடந்து, பூமத்திய ரேகையைத் தாண்டி, ஆபிரிக்காவின் மேற்குப் பக்கமாக வெளியேறும். அதனால் நமக்கு முன்னிரவில் தென்கிழக்கில் தாழ்வாகத் தோன்றும். நள்ளிரவையொட்டி தெற்கு வானில், சித்திரை, அஸ்தம் நட்சத்திரங்கள் இருக்கிற பகுதியில் 50 பாகைக்கு மேல் ஏறி நிற்கும். 1:30 மணிக்கு மேற்கில் 30 பாகை அளவுக்கு இறங்கிவிடும். சமதரையில் 2:30ஐ ஒட்டி மறைவு. மேற்கே சிவனொளிபாதமலைத் தொடர் மறைக்கிற இடமென்றால் 2 மணிக்கே ஆட்டம் முடிந்தது.

பிரகாசம்: எட்டு மணிக்கு பைனாகுலர் வேண்டும். ஒன்பது மணிக்கு 5ஆம் ஒளியளவை (எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்) ஒட்டி வரும், நள்ளிரவில் 4, ஒன்றரை மணிக்கு மூன்றரை. உலகளவில் உச்சம் 3.1 என்கிறார்கள், அது நமக்குக் கிடையாது. நிலவு இல்லாத இரவு என்பதால் 4ஆம் ஒளியளவு மலையில் தாராளமாகத் தெரியும்.

இவை கையால் போட்ட கணக்கு, சில பாகை முன்பின் இருக்கும். சரியான எண் வேண்டுபவர்கள் நாசா ஜேபிஎல்லின் ஹொரைசன்ஸ் என்ற இணையப் பக்கத்தில் அப்போபிஸின் எண்ணான 99942 என்று கொடுத்து, தங்கள் இடத்தின் அகலாங்கு, நெட்டாங்கு, உயரத்தைத் தாங்களே எழுத வேண்டும். ஹப்புத்தளைக்கு வடக்கு 6.77, கிழக்கு 80.96, உயரம் 1.4 கிலோமீட்டர். நேரம் 12:30 முதல் 21:30 வரை (உலக நேரம்), இடைவெளி 5 நிமிடம். கேட்க வேண்டிய நிரல்கள் 1, 3, 4, 9, 20: வான ஆயங்கள் (வானத்தில் அது இருக்கும் இடத்தின் எண்கள்), நகர்வு வேகம், திசையும் உயரமும், ஒளியளவு, தூரம்.

எல்லாரும் பண்ணுகிற பிழை ஒன்று உண்டு. இடத்தை மாற்றாமல் விட்டால் பக்கம் பூமியின் மையத்திலிருந்து கணக்குப் போட்டுக் கொடுக்கும். தூரத்துச் சிறுகோளுக்கு அதனால் பாதகமில்லை. இது 75,000 கிலோமீட்டரில் இருக்கும்போது மையத்துக்கும் தரைக்கும் உள்ள வித்தியாசம் 5 பாகை வரை போகும். பைனாகுலரின் முழு வட்டமும் அவ்வளவுதான். காலியான வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

தகரக்கூரை (தலவாக்கலை)

ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபடச் செயலியை நம்பி வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் சிறுகோளைச் சேர்க்கும்போது சூரியனைச் சுற்றும் நீள்வட்டத்தின் எண்களை மட்டும்தான் எடுக்கும். பூமியின் இழுப்பு கணக்கில் வராது. அன்றைக்கு பூமி அந்தப் பாதையையே ஏறக்குறைய 27 பாகை வளைக்கப்போகிறது. இப்போது இறக்கி வைத்த எண்களை வைத்து அன்றிரவு தேடினால் திசையே மாறிப்போகும். ஹொரைசன்ஸ் அட்டவணையைத் தாளில் அச்சடித்து எடுத்துப் போங்க. பனியில் போன் திரை நனைந்தால் விரல் வேலை செய்யாது.

அரைப்பேர்

எனக்கு இந்த "மோதாது" என்ற உறுதி எங்கிருந்து வருகிறது என்று யாராவது விளக்குங்கள். 2004இல் மோதலாம் என்றவர்களும் இதே ஆட்கள்தானே? வட்ஸ்அப்பை மட்டும் குறை சொல்வது நியாயமா?

ஊவாக்காற்று (ஹப்புத்தளை)

நியாயமான கேள்வி தம்பி. 2004 ஜூன் 19இல் அரிசோனாவின் கிட் பீக் வானாய்வகத்தில் கண்டுபிடித்தார்கள்: டக்கர், தோலன், பெர்னார்டி மூவரும். இரண்டு இரவு பார்த்ததோடு தவறவிட்டார்கள். டிசம்பரில் அவுஸ்திரேலியாவிலிருந்து மறுபடி கிடைத்தது. டிசம்பர் 27இல் 2029 மோதலுக்கான வாய்ப்பு 2.7 சதவீதம் வரை ஏறியது, அதாவது 37இல் ஒன்று. மோதல் ஆபத்தை 0 முதல் 10 வரை சொல்லும் டொரினோ அளவில் 4. இதுவரை வேறெந்தக் கல்லுக்கும் அந்த 4 கொடுக்கப்படவில்லை. அதே நாளில் 2004 மார்ச் மாதத்துப் பழைய படங்களில் அது பதிவாகியிருந்தது கிடைத்தது. மூன்று மாதம் கூடுதல் நீளமுள்ள பாதை கைக்கு வந்தவுடன் 2029 மோதல் அடிபட்டுப் போனது.

வாய்ப்பு ஏன் முதலில் ஏறி, பிறகு இல்லாமல் போகிறது என்பதுதான் பலருக்குப் பிடிபடாத இடம். பனிமூட்டத்தில் டோர்ச் அடிக்கிற மாதிரி நினைத்துக்கொள். ஒளிவட்டம் பெரிதாக இருக்கும்போது உள்ளே நிற்கிற பூமி அதில் சின்னப் பங்கு. வட்டத்தைக் குறுக்கக் குறுக்க, பூமி இன்னும் உள்ளேயே இருந்தால் அதன் பங்கு பெருக்கிறது. ஒரு கட்டத்தில் வட்டத்தின் விளிம்பு பூமியைத் தாண்டி உள்வாங்கியதும் பங்கு பூச்சியம். கணக்கை மாற்றிச் சொல்கிறார்கள் என்று இதைப் பார்த்துத்தான் ஆட்கள் நினைக்கிறார்கள்.

2029இல் மோதாது என்றான பிறகும் 2036 பாக்கி இருந்தது. 2029இல் போகும்போது சுமார் 600 மீட்டர் அகலமான ஒரு இடுக்கு வழியாகப் போனால் ஏழு வருடத்தில் திரும்பி வந்து மோதும் என்ற கணக்கு. 2013 அவதானங்கள் அதை மூடின. 2068 மட்டும் மிச்சம். 2021 மார்ச்சில் அமெரிக்காவின் கோல்ட்ஸ்டோன் அன்டெனாவிலிருந்து ரேடார் அலை அனுப்பி, எதிரொலியை கிறீன் பேங்க் ரேடியோத் தொலைநோக்கியிலும் பிடித்துப் பார்த்ததில் அதுவும் போனது. குறைந்தது நூறு வருடத்துக்கு மோதல் இல்லை.

2068 இவ்வளவு காலம் இழுத்ததற்குக் காரணம் வெயில். சூடேறிய பக்கம் வெப்பத்தை வெளியே விடும்போது கல்லை மெல்லத் தள்ளுகிறது. யார்க்கோவ்ஸ்கி விளைவு என்பார்கள். இது எதிர்த்திசையில் சுழல்வதால் அந்தத் தள்ளல் சுற்றுப்பாதையைச் சுருக்குகிறது, ஆண்டுக்கு ஏறத்தாழ 200 மீட்டர். கேட்க ஒன்றுமில்லாத எண். நாற்பது வருடம் சேர்ந்து, நடுவில் பூமியின் இழுப்பும் பெருக்கிவிட்டால் எங்கோ போய் நிற்கும். அந்த 200 மீட்டரை அளந்து முடிக்காமல் 2068 பற்றி யாராலும் வாய் திறக்க ஏலாது.

அரைப்பேர்

விளங்கியது அண்ணே. செய்மதிகள்? 32,000 என்றால் டிவி செய்மதிகள் இருக்கும் 35,786 கிலோமீட்டருக்கும் உள்ளேயே வருகிறதே.

ஊவாக்காற்று (ஹப்புத்தளை)

உயரம் மட்டும் பார்த்தால் உள்ளேதான். ஆனால் அந்தச் செய்மதிகள் பூமத்திய ரேகைத் தளத்தில் ஒரு வளையமாக நிற்கின்றன. அப்போபிஸ் அந்தத் தளத்தைக் கடப்பது மிக நெருங்குவதற்கு முன்னால், இன்னும் விலகிய தூரத்தில். மிக நெருங்கும்போது அது வடபாதிக்கு மேலே ஏறிவிட்டிருக்கும். உங்கள் வீட்டு டிஷ்ஷுக்கு ஆபத்து மழைதான்.

பாடும்மீன் (மட்டக்களப்பு)

மலைநாட்டு இழைக்குள் கரையிலிருந்து தலையிடுகிறேன். சுற்றுப்பாதை எண்களை யாரும் போடவில்லையே. பிள்ளைகளுக்குச் சொல்ல உதவும்.

இப்போது: அரைப் பேரச்சு (நீள்வட்டப் பாதையின் நீளத்தில் பாதி) 0.92 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் சராசரித் தூரம் 1), மையப்பிறழ்வு (பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியது) 0.19, சாய்வு 3.3 பாகை. சூரியனுக்கு 0.75 வரை கிட்டப் போய், 1.10 வரை எட்டப் போகும். ஒரு சுற்று 324 நாள். பூமியை விட வேகமாகச் சுற்றுவதால் ஏறக்குறைய 7.8 வருடத்துக்கு ஒருமுறை நம்மை எட்டிப் பிடிக்கிறது. 2004-05, 2012-13, 2020-21 என்று இடைவெளி விட்டு விட்டு அவதானம் நடந்தது அதனால்தான், அடுத்தது 2029. நடுவில் தேடினாலும் சூரியப் பக்கத்தில் மங்கலாகக் கிடக்கும்.

2029க்குப் பிறகு இந்த எண்கள் செல்லாது. அரைப் பேரச்சு 1.1ஐத் தாண்டும், ஒரு சுற்றுக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடிக்கும். ஏட்டன் வகையில் (அரைப் பேரச்சு 1க்குக் குறைந்தவை) இருந்த கல் அப்பல்லோ வகைக்கு (1க்கு மேற்பட்டவை) மாறும். பழைய கையேட்டைப் பார்த்து ஏட்டன் என்று எழுதினால் 2030இல் அது பிழை.

மூடுபனி (நுவரெலியா)

நன்றி. அளவு விஷயத்தில் எனக்கே குழப்பம். 270, 325, 370, 340 மீட்டர் என்று ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொன்று. எதை எடுப்பது?

ஊவாக்காற்று (ஹப்புத்தளை)

340. மற்றவை பழையவை. குழப்பம் எங்கிருந்து வருகிறதென்றால், புள்ளியாகத் தெரிகிற ஒன்றின் ஒளியை வைத்து அளவைச் சொல்ல, அதன் மேற்பரப்பு எவ்வளவு ஒளியைத் திருப்புகிறது என்று தெரிய வேண்டும். சூத்திரம் சுலபம்: 1329ஐ எதிரொளிப்புத் திறனின் வர்க்கமூலத்தால் வகுத்து, 10இன் அடுக்கு (கழித்தல் தனி ஒளியளவு வகுத்தல் 5) ஆல் பெருக்கு. விடை கிலோமீட்டரில். தனி ஒளியளவு (தூரத்தால் மாறாத சொந்தப் பிரகாசம்) 19.1, எதிரொளிப்பு 0.35 என்று போட்டால் 0.34 கிலோமீட்டர். அதே ஒளியளவுக்கு, கரி மாதிரிக் கறுத்த கல் என்று நினைத்து 0.05 போட்டால் 0.9 கிலோமீட்டர். ஒரே வெளிச்சம், ஆனால் இரண்டரை மடங்கு வித்தியாசம். ரேடார் படங்கள் வந்த பிறகுதான் இந்தப் பேரம் நின்றது.

சராசரி 340 என்பது கொழும்புத் தாமரைக் கோபுரத்தின் உயரம் அளவு. உருண்டை இல்லை. ரேடாரில் நீளம் 450 மீட்டருக்குக் குறையாமலும் அகலம் 170 அளவிலும் வந்தது. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தை ஐந்து முறை நீட்டி வைத்த நீளம். நடுவில் இடுங்கி, இரண்டு கட்டி ஒட்டிய நிலக்கடலை மாதிரி இருக்கலாம் என்று ரேடார்க்காரர்கள் சந்தேகிக்கிறார்கள். பொருள் சிலிக்கேட் கல், எல்எல் கொண்ட்ரைட் என்ற இரும்பு குறைந்த கல்வகை விண்கற்களோடு நிறமாலை பொருந்துகிறது. அடர்த்தியை யாரும் நேரே அளந்ததில்லை, தண்ணீரைப் போல 2.5 மடங்கு என்று வைத்தால் அதன் மேலிருந்து தப்பிக்கும் வேகம் நொடிக்கு 20 சென்டிமீட்டர். எட்டி நடந்தாலே திரும்பி வரமாட்டோம்.

சுழற்சி நேரான சுழற்சி இல்லை, தள்ளாட்டம். பம்பரம் விழப்போகும்போது தலையாட்டுகிற மாதிரி 27.4 மணிக்கு ஒரு தலையாட்டல், 263 மணிக்கு ஒரு உருளல். இரண்டும் கலந்து ஒளிமாற்றத்தில் 30.6 மணிக் கால அளவு தூக்கலாகத் தெரிகிறது. 2029 இழுப்பு இந்தத் தள்ளாட்டத்தை மாற்றும் என்பது எல்லாருக்கும் சம்மதம். எப்படி மாற்றும் என்பதில்தான் அடிபிடி. ஐரோப்பியர்களின் ராம்சேஸ் கலம் முன்கூட்டியே போய்ச் சேர்ந்து பார்ப்பதாகத் திட்டம். பென்னு என்ற சிறுகோளிலிருந்து மண் கொண்டுவந்த நாசாவின் கலம் ஒசைரிஸ் அபெக்ஸ் என்ற புதுப் பேரோடு பின்னால் போய்ச் சேரும்.

தகரக்கூரை (தலவாக்கலை)

மூடுபனி அக்கா கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருவோம். என்ன அளக்கலாம்? வடிவத்தை மறந்துவிடுங்க. இங்கிருந்து தெரிகிற நேரத்தில் அதன் கோண அளவு ஒரு விகலையை (பாகையின் 3600இல் ஒரு பங்கு) ஒட்டித்தான். மலைக்காற்றின் நடுக்கம் அதைத் தின்றுவிடும். தள்ளாட்டத்தின் ஒளிமாற்றமும் ஒரே இரவில் பிடிபடாது. தூரம் குறைவதால் ஏறும் வெளிச்சம் அதை மூடிவிடும்.

தூரத்தை அளக்கலாம். இரண்டு ஊரிலிருந்து ஒரே நொடியில் படம் எடுத்தால் பின்னணி நட்சத்திரங்களுக்கு நடுவே அது இரண்டு வேறு இடத்தில் விழும். நுவரெலியாவும் பதுளையும் 30 கிலோமீட்டர். 75,000 கிலோமீட்டரில் அது 80 விகலைச் சில்லறை. சாதாரண 50 மில்லிமீட்டர் லென்ஸும் 4 மைக்ரோன் பிக்சலும் உள்ள கெமராவில் ஒரு பிக்சல் 16.5 விகலை. ஐந்து பிக்சல் விலகல். அளந்துவிடலாமே.

ஊவாக்காற்று (ஹப்புத்தளை)

அளக்கலாம், ஆனால் விடை பிழைக்கும். நள்ளிரவில் அது நட்சத்திரங்களுக்கு எதிரே மணிக்குச் சுமார் 10 பாகை ஓடும். அதாவது நொடிக்கு 10 விகலை. இரண்டு கெமராவின் மணியிலும் ஒரு நொடி வித்தியாசம் இருந்தால் 80இல் 10 போச்சு, 12 சதவீதப் பிழை. நுவரெலியா–பதுளைக் கோடு கிழக்கு மேற்காகக் கிடக்கிறது, சிறுகோளும் பெரும்பாலும் மேற்கே ஓடுகிறது. நேரப் பிழையும் நாம் அளக்க விரும்பும் விலகலும் ஒரே திசையில் விழும், பிரிக்கவே ஏலாது.

கோடு அதன் ஓட்டத்துக்குக் குறுக்கே இருக்க வேண்டும். அது வடமேற்காக ஓடுகிறது. நமக்குத் தென்மேற்கு–வடகிழக்குக் கோடு வேண்டும். ஹப்புத்தளை–மட்டக்களப்பு அப்படியே பொருந்துகிறது: 132 கிலோமீட்டர், கிட்டத்தட்டச் செங்குத்து. நேரத்தில் ஒரு நொடி பிசகினாலும் புள்ளி ஓட்டத்தின் திசையிலேயே முன்பின் நகரும், குறுக்கு விலகல் கெடாது. 132ஐ 75,000ஆல் வகுத்தால் 6 கலை (ஒரு கலை 60 விகலை). பாடும்மீன், சம்மதமா?

பாடும்மீன் (மட்டக்களப்பு)

சம்மதம், ஆனால் 6 கலை வராது. சிறுகோள் தலைக்கு நேர் மேலே இல்லை, தென்மேற்காகச் சாய்ந்து நிற்கிறது. நமது கோட்டின் ஒரு பகுதி பார்வைத் திசையிலேயே போய்விடும். சாய்வைக் கழித்தால் 132இல் சுமார் 110 கிலோமீட்டர்தான் வேலைக்கு உதவும். எதிர்பார்க்க வேண்டிய விலகல் 5 கலை, 300 விகலை. இதைத் திருத்தாமல் 132ஐயே போட்டால் தூரம் 20 சதவீதம் கூடி வரும். பிள்ளைகள் கெமராவைத்தான் குறை சொல்வார்கள்.

ஊவாக்காற்று (ஹப்புத்தளை)

சரி, என் அவசரம். 300 விகலை என்றால் 18 பிக்சல். ஒரு படத்தில் அரைப் பிக்சல் வரை நடுப்புள்ளியை எடுத்தால் 4 சதவீதப் பிழை. 40 சோடிப் படங்களைச் சராசரி எடுத்தால் இன்னும் இறங்கும்.

தகரக்கூரை (தலவாக்கலை)

அப்போது கெமரா வேலை என் பொறுப்பு. நேரம் 00:00 முதல் 00:40. ஒன்றரை மணிக்குக் கல் இன்னும் கிட்ட வரும், விலகலும் கூடும், ஆனால் ஓட்டம் நொடிக்கு 20 விகலையை நெருங்கும், உயரமும் 30 பாகைக்கு இறங்கிவிடும். மலையில் அந்த உயரத்தில் மூடுபனி வந்து நிற்கும். நள்ளிரவே நல்லது.

50 மில்லிமீட்டர், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600, திறப்பு 5 நொடி, ஒவ்வொரு நிமிடமும் 00, 30 நொடிகளில் அமுக்கு. அசையாத முக்காலியில் 5 நொடியில் நட்சத்திரம் 75 விகலை இழுபடும், அதாவது நாலரைப் பிக்சல். சிறுகோள் வானத்தோடும் சேர்ந்து ஓடுவதால் 125 விகலை, ஏழு ஏழரைப் பிக்சல். பக்கத்து நட்சத்திரங்களை விட நீளமான கோடு எதுவோ அதுதான் கல். அடையாளம் காண இதைவிடச் சுலப வழியில்லை. எல்லாக் கோட்டிலும் நடுப்புள்ளியை எடுங்க, நுனியை எடுக்காதீங்க. கல்லைப் படத்தின் நடுவில் வைக்க வேண்டும். ஓரத்தில் லென்ஸின் வளைவு சில பிக்சல் தின்னும். ஆட்டோ போகஸை அணைத்து, சித்திரை நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கிக் கையால் கூர்மையாக்கி, வளையத்தில் டேப் ஒட்டிவிடுங்க. குளிரில் போகஸ் நகரும், ஒருமணிக்கொரு தடவை பார்க்க வேண்டும்.

கெமராவின் உள்மணியை நம்பாதீங்க. தொடங்கும்போதும் முடிக்கும்போதும் போனில் ஜிபிஎஸ் மணியைக் காட்டி, அந்தத் திரையை அதே கெமராவால் படம் எடுங்க. வித்தியாசம் எவ்வளவு என்று பிறகு கழிக்கலாம்.

படங்களை அஸ்டாப் மென்பொருளில் கொடுத்தால் நட்சத்திரங்களை அடையாளம் கண்டு ஆயங்களைத் தரும். இணையம் தேவையில்லை, நட்சத்திரப் பட்டியலை மட்டும் முன்கூட்டியே இறக்கி வைக்க வேண்டும். அகல லென்ஸுக்கு உரிய பட்டியலை எடுக்காவிட்டால் "தீர்வில்லை" என்று சொல்லிவிட்டு நிற்கும்.

மூடுபனி (நுவரெலியா)

லென்ஸில் பனி? இங்கே பத்து நிமிடத்தில் கண்ணாடி வெள்ளையாகிவிடும்.

தகரக்கூரை (தலவாக்கலை)

துணியால் துடைக்காதீங்க அக்கா, துடைத்தால் ஈரப்படலம் பரவி ஒவ்வொரு நட்சத்திரமும் பூசணிக்காய் ஆகும். யோகா மெத்தையை வெட்டி லென்ஸின் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு நீளத்துக்குக் குழாய் சுற்றுங்க. அடியில் 5 வோல்ட் யூஎஸ்பி சூட்டுப் பட்டி, 5 வோட் போதும். 10,000 மில்லி அம்பியர் மணி பவர் பேங்க் ஒன்றில் 37 வோட்-மணி. இழப்புப் போக ஆறு மணித்தியாலம் இழுக்கும். பட்டியை ஆரம்பத்திலேயே போட வேண்டும். பனி பிடித்த பிறகு போட்டால் காய அரைமணி ஆகும், அதற்குள் 00:40 போய்விடும்.

லயத்துத் தகரக் கூரைக்கு மேலாகப் பார்க்கிற இடத்தில் முக்காலியை வைக்காதீங்க. கூரை சூட்டை விடும்வரை காற்று கொதித்துக்கொண்டே இருக்கும். தேயிலைத் தொழிற்சாலை விளக்கு தெற்கே இருக்கிறதா என்று பகலிலேயே பார்த்து வைக்க வேண்டும்.

அரைப்பேர்

இடம்? ஹோட்டன் சமவெளி என்று பலர் சொல்கிறார்கள்.

ஊவாக்காற்று (ஹப்புத்தளை)

ஹோட்டன் சமவெளிக்குள் இரவில் விடமாட்டார்கள், கதை முடிந்தது. நுவரெலியா டவுன் ஏப்ரலில் வசந்தகாலக் கூட்டம். ஏரிக்கரை முழுக்க வெளிச்சம். அது ஒரு கிண்ணம் வேறு, மழைவிட்ட இரவில் மூடுபனி அடியில் தேங்கும். ஏப்ரலில் பின்னேரம் இடிமழை, நள்ளிரவுக்குள் மேகம் கரைவது வழக்கம். ஆனால் பள்ளத்தாக்குகள் நிரம்பும். பள்ளத்தை விட்டு முகட்டுக்கு வர வேண்டும். ஹப்புத்தளை, லிப்டன் இருக்கைப் பக்கத்தில் தெற்கே தரை சரிந்து திறந்த வானம். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும், சிறுத்தை நடமாடும் மலைக்குத் தனியே போகாத புத்தியும் வேண்டும்.

13ஆம் திகதி பின்னேரத்துக்குப் பிறகு பஸ் எதிர்பார்க்க வேண்டாம், எல்லாரும் ஊருக்குப் போயிருப்பார்கள். பகல் பன்னிரண்டுக்குள் இடத்தில் இருங்க. மாலை நாலுக்கும் ஏழுக்கும் இந்தியாவின் இன்சாட் செய்மதியின் அகச்சிவப்பு மேகப் படத்தைப் பாருங்க. மேற்குச் சரிவு மூடியிருந்தால் பண்டாரவளைப் பக்கம் இறங்க நேரமிருக்கும்.

பாடும்மீன் (மட்டக்களப்பு)

ஒத்திகை பார்க்காமல் அன்றைக்கு நேரே இறங்குவது சரிவராது. சந்திரன் ஒரு பிரகாசமான நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் வருகிற இரவில் இதே இரண்டு இடம், இதே நேர முறை. 132 கிலோமீட்டருக்குச் சந்திரனின் விலகல் சுமார் 70 விகலை. 50 மில்லிமீட்டரில் நாலு பிக்சல்தான், 200 லென்ஸ் இருந்தால் நல்லது. நிலா எரிந்து வெள்ளையாகாமல் இருக்க ஒரு படம் குறைந்த திறப்பிலும், நட்சத்திரத்துக்கு ஒன்று கூடிய திறப்பிலும் அடுத்தடுத்து எடுக்க வேண்டும்.

மூடுபனி (நுவரெலியா)

அப்படியென்றால் ஹப்புத்தளையில் ஒரு கெமரா, மட்டக்களப்பில் ஒரு கெமரா, எங்களுடையது மூன்றாவது. நுவரெலியா–மட்டக்களப்புக் கோடு எவ்வளவு சாயும் என்று யாராவது கணக்குப் போட்டுத் தாங்க. ஹப்புத்தளை மூடினால் அதுதான் கைக்காவல்.

பாடும்மீன் (மட்டக்களப்பு)

சுமார் 130 கிலோமீட்டர் அக்கா, நீளம் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் கோடு இன்னும் கிழக்கே சாய்கிறது, ஓட்டத்துக்குச் செங்குத்தாக வராது, அதனால் நேரப் பிழையின் ஒரு பங்கு உள்ளே நுழையும். உங்கள் மணியை அரை நொடிக்குள் வையுங்கள். சந்திர ஒத்திகையில் அது எவ்வளவு பிசகுகிறது என்று முதலில் பார்ப்போம்.